வலப்பக்கத்து அடி

கொழும்பு
12.05.2024

ஷிஹான் நானா,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபத்தோடுதான் எழுதுகிறேன். இங்கே குத்துச்சண்டைப் பயிற்சி முகாமில் எங்கள் போன்களை வாங்கி அலுமாரியில் பூட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் கைக்கு வரும். போன ஞாயிறு அம்மாவுக்குக்கூட எடுக்காமல் உங்களுக்குத்தான் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. இன்றைக்கும் அதே கதை. அதனால்தான் இந்தக் கடிதத்தை பஸ் கொண்டக்டர் பஸ்லானிடம் கொடுத்துவிடுகிறேன். அவன் ஏறாவூரில் இறங்கி உங்கள் கையிலேயே தருவான். கிடைக்கவில்லை என்று சொல்ல வழியில்லை.

நான் புறப்படுவதற்கு முதல் நாள் வாவிக்கரைக் கொட்டகையில் நடந்ததுதான் காரணமா? ஸ்பாரிங் பயிற்சிச் சண்டையில், பக்கவாட்டில் வளைத்து வீசும் என் இடது ஹூக் உங்கள் வலது கன்னத்தில் விழுந்தது. நீங்கள் முழங்காலில் உட்கார்ந்துவிட்டீர்கள். இத்தனை வருசமாக நான் உங்களிடம் வாங்கியதற்கு ஒருநாள் நான் கொடுத்தால் அது குற்றமா?

கொட்டகைக்குச் சட்டம் வைத்தவர் நீங்கள்தானே. கிளவ்ஸைக் கழற்றியதும் வாவியைப் பார்த்துத் தென்னங்குற்றியில் உட்கார வேண்டும். எந்த அடி உண்மையாகப் பட்டது என்று அவரவர் வாயால் சொல்ல வேண்டும். "வாங்கினதை ஒளிக்கிறவன் ரிங்குக்குள்ள வரப்படாது" என்று நான் வந்த முதல் நாளே சொன்னீர்கள். ஆனால் நான் விழுத்திய அன்றைக்கு நீங்கள் குற்றியில் உட்காரவேயில்லை. கிளவ்ஸை மூலையில் எறிந்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டீர்கள். சொந்த அண்ணனைப்போல் நானா என்று கூப்பிடுகிறேன், என்னை பஸ் ஏற்றிவிடவும் நீங்கள் வரவில்லை. அம்மா தேற்றாத்தீவிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றுப் பொதிகளில் உங்களுக்கும் ஒன்று இருந்தது. அதை நான் கொழும்புவரை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

இங்கே என்னை பண்டார என்ற ஒரு ராணுவ வீரரோடு ஸ்பாரிங்கில் விட்டிருக்கிறார்கள். நாட்டுக்காக விளையாடியவர். நானா, என் இடது ஹூக் அவர்மீது ஒன்றுகூடப் படவில்லை. ஒன்றுகூட! உங்கள்மீது தவறாமல் விழுந்த அதே அடி. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அடுத்த மாத முடிவில் தெரிவுப் போட்டி. என்ன பிழை விடுகிறேன் என்று சொல்லுங்கள். கோபம் இருந்தாலும் சொல்லுங்கள்.

ஜசிந்தன்

~

ஏறாவூர்
18.05.2024

டேய் ஜசிந்தன்,

உன்ட கடிதம் கிடைச்சிது. பஸ்லான் அதைச் சும்மா தராம, கடைத்தெருவில நாலு பேருக்கு முன்னால "நானாக்குக் காதல் கடிதம் வந்திரிக்கி" எண்டு கத்தித்தான் தந்தான். வீட்டில இர்ஷானா அரை நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிரிந்தவள். கடிதத்தைக் காட்டின புறகுதான் சோறு போட்டவள். அதுக்கும் நீதான் பொறுப்பு.

எனக்கு உன்னைப்போல எழுத வராது. கதைக்கிற மாதிரித்தான் எழுதுறன்.

நீ விழுத்தினதுக்கு எனக்குக் கோபமில்ல. விழுத்திப்போட்டு ரெண்டு கையையும் தூக்கிக் குதிச்சாயே, பொடியனுகள் விசிலடிச்சானுகளே, அதுதான் எரிஞ்சது. நான் உன்னை எத்தனை தரம் விழுத்தியிருப்பன்? ஒருநாள் குதிச்சனா? கை தந்து தூக்கித்தானே விட்டனான்? சரி, விடு. சின்னப் புள்ள வேலை. சோத்துப் பொதியை நீ திண்டிருப்பாய், எனக்குத் தெரியும்.

ஹூக் படுதில்ல எண்டு என்னத்துக்கு அழுறாய்? அந்த அடிக்கு என்ன குறை? என்னில விழுந்ததுதானே! எனக்கு விழுந்தா எவனுக்கும் விழும். பண்டாரவுக்கு உயரம் கூடவாக்கும். இன்னும் அகட்டி, இன்னும் வேகமா வீசு. பயப்படாத.

இஞ்ச எனக்கும் தலைக்கு மேல வேலை. பாசிக்குடா ஹோட்டலில ஏசி எல்லாம் ஒரே நாளில பழுதாகிச் சாகுது. அதுக்குள்ள பயிற்சி. ஜூலை 6 திருகோணமலையில மாகாண இறுதிப் போட்டி. நம்மட கோச் செபஸ்தியாம்பிள்ளை மாஸ்டர் என்ட பேரைக் குடுத்திட்டார். எதிராளி ஆர் தெரியுமா? போன வருசம் என்னைப் புள்ளியில தோக்கடிச்ச அதே அம்பாறைக்காரன். அவனை அடிச்சிட்டுத்தான் கிளவ்ஸைக் கழட்டுவன். இதுதான் கடைசி எண்டு இர்ஷானாக்கும் வாக்குக் குடுத்தாச்சு. அந்தக் கோப்பை என்ட வீட்டு அலுமாரியில இரிக்கோணும். வேற ஒண்டும் வேணாம் எனக்கு.

ஷிஹான்

~

கொழும்பு
27.05.2024

ஷிஹான் நானா,

உங்கள் சொல்லைக் கேட்டேன். இன்னும் அகட்டி, இன்னும் வேகமாக வீசினேன். இப்போது வாயின் ஒரு பக்கத்தால் கஞ்சி மட்டும் குடிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நடந்தது. நான் இடது கையை வீச எடுத்ததுதான் தெரியும். பண்டாரவின் வலது கை நேராக வந்து தாடையில் இறங்கிவிட்டது. எழும்பினேன். மறுபடி வீசினேன். மறுபடி அதே இடத்தில் அதே அடி. மூன்றாவது தரம் அவர் அடிக்கவில்லை. கையை இறக்கி, தலையில் இருந்த ஹெட்கார்டைக் கழற்றி, என்னைக் கண்ணாடிக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனார். முன்பு மட்டக்களப்பில் இருந்தவராம், உடைந்த தமிழ் பேசுவார்.

"தம்பி, நல்லாப் பார்" என்று என் கையைப் பிடித்து மெதுவாகச் செய்து காட்டினார். ஹூக் அடிக்கும் முன் என் இடது கை இடுப்புவரை இறங்கி, வெளியே அகன்று, பிறகுதான் சுற்றி வருகிறது. அந்த நேரம் முழுவதும் தாடையைக் காக்க வேண்டிய வலது கையும் கீழே கிடக்கிறது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. "இது பெரிய பிழை. கண் உள்ள ஆள் இதைக் கண்டா உடனே அடிக்கும். உன் ஊரில ஆளுக்குக் கண் இல்லையா?" என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, நானா.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நேரே வரும் அடி எதுவும் உங்களைத் தொடுவதில்லை. கொட்டகையில் எவனாலும் முடியாது. தலையை ஓர் அங்குலம் சாய்த்துத் தப்பிவிடுவீர்கள். ஆனால் உங்கள் வலப்பக்கமாக வரும் என் ஹூக், இவ்வளவு சோம்பலான ஹூக், ஒவ்வொரு தரமும் விழுந்தது. அதற்கு ஒருநாளும் நீங்கள் திருப்பி அடிக்கவில்லை.

குற்றியில் உட்காரும்போது எப்போதும் வலது ஓரத்தை நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்தால் எழுப்பிவிடுவீர்கள். கொட்டகை வாசல் கப்புத் தூணில் உங்கள் வலது தோள் எத்தனை தரம் இடித்திருக்கிறது. நாம் அதைப் பகிடி பண்ணுவோம். கல்லடியில் உங்கள் பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்தபோது, வலப்பக்கம் வந்த சைக்கிள்காரனைப் பார்த்து நான் கத்திய பிறகுதானே நீங்கள் ஹாண்டிலை ஒடித்தீர்கள்? நுஸ்ராக் குட்டி அந்தப் பக்கமாக ஓடிவந்து கட்டிப்பிடித்தால் திடுக்கிடுவீர்கள். பெற்ற மகள் தொட்டால் யார் திடுக்கிடுவார்கள்?

உங்கள் வலது கண்ணில் பக்கப் பார்வை இல்லை. இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது, சொல்லிவிட்டேன். திருகோணமலைக்குப் போகாதீர்கள். அந்த அம்பாறைக்காரன் என்னைப்போல் அன்பாக அடிக்க மாட்டான். முதலில் கண் டொக்டரிடம் போங்கள்.

ஜசிந்தன்

~

ஏறாவூர்
02.06.2024

ஜசிந்தன்,

அடி வாங்கினது நீ, குருடன் நானோ?

கொழும்புக்குப் போய் ஒரு மாசம் ஆகல்ல, அதுக்குள்ள டொக்டராகிட்டாய். ஆரோ ஒரு ராணுவக்காரன் பகிடிக்குச் சொன்னதை வெச்சிக்கொண்டு என்ட கண்ணைப் புடுங்கப் பாக்கிறாய். உனக்கு ஹூக் அடிக்கத் தெரியாட்டி, தெரியல்ல எண்டு சொல்லு. அதுக்கு என்னை நொண்டியாக்காத.

போட்டிக்கு மெடிக்கல் முடிஞ்சி ரிப்போட்டும் கையில இரிக்கி. ஒரு கண்ணைப் பொத்தி மற்றக் கண்ணால எழுத்துப் பலகை வாசிக்கச் சொன்னாங்க. ரெண்டாலும் கடைசி வரி வரைக்கும் வாசிச்சன். சீல் குத்தித் தந்திருக்கு. வந்து பார்.

கப்பில தோள் இடிச்சதாம், சைக்கிள்காரனாம். நீ என்னோட பழகினியா, என்னை உளவு பாத்தியா? என்ட வீட்டில திண்டாய். நோன்பு துறக்க உனக்கெண்டு தனியாக் கஞ்சி எடுத்து வெச்சவள் இர்ஷானா. மாமாவோட தேங்காய் உரிச்சிக்கொண்டு திரிஞ்ச உன்னை அந்தக் கொட்டகைக்குக் கூட்டி வந்தது ஆர்? முதல் கிளவ்ஸ் ஆர்ட? இப்ப என்ட கடைசிப் போட்டிக்கு மண் அள்ளிப் போட வாறாய்.

நல்லாக் கேட்டுக்கொள். இது மாஸ்டர்ட காதுக்குப் போச்செண்டா, நீ ஆரோ நான் ஆரோ. றோட்டில கண்டாலும் கதைக்க மாட்டன். அல்லாஹ் மேல சத்தியம், வல்லாஹி.

வாய் வீக்கத்துக்கு ஐஸ் வை. சூடு வெச்சிராத.

ஷிஹான்

~

கொழும்பு
10.06.2024

ஷிஹான் நானா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் குளியலறைக்குள் போய் அழுதேன். ஓம், அழுதேன். பகிடி பண்ணுங்கள். "உளவு பார்த்தாய்" என்ற சொல்லைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஐஸ் வைத்தேன். வீக்கம் வற்றிவிட்டது.

மெடிக்கல் ரிப்போட்டைப் பற்றி ஒன்று கேட்கிறேன். அந்த எழுத்துப் பலகை எங்கே தொங்கியது? உங்களுக்கு நேரே தொங்கியது. ஹூக் நேரே வராது, நானா. நேரே இருப்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் சொல்வது ஓரத்தை. அதை அங்கே யாரும் சோதிக்கவில்லை.

என்னை நம்ப வேண்டாம். நீங்களே பாருங்கள். கதிரையில் உட்கார்ந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் ஒரு புள்ளியை மட்டும் பாருங்கள். இர்ஷானா மதினியை வலப்பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். அகப்பையைப் பின்னாலிருந்து மெதுவாக உங்கள் முகத்துக்குக் கொண்டுவரட்டும். கண்டவுடன் சொல்லுங்கள். அகப்பை காதைத் தாண்டியதும் கண்டீர்கள் என்றால் நான் பொய்யன். ஊருக்கு வந்து கொட்டகைப் பொடியன்கள் எல்லோருக்கும் முன்னால் உங்கள் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாள் முடியட்டும். 23ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை என் கைக்குப் போன் வரும். அதற்குள் நீங்கள் இதைச் செய்து பார்க்கவில்லை என்றால் நான் மாஸ்டருக்கு எடுப்பேன். எடுத்தே தீருவேன். றோட்டில் கண்டு கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் றோட்டில் என்னை நீங்கள் காண வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, நானா. படுத்தால் திருகோணமலை ரிங்தான் கண்ணுக்குள் வருகிறது.

இன்னொன்று. இது தானாக வந்திருக்காது. யாரோ அடித்திருக்கிறான். எந்தப் போட்டியில்? போன வருசம் அந்த அம்பாறைக்காரனா? வாங்கியதைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் வைத்த நீங்களே ஏன் அன்றைக்கு ஒளித்தீர்கள்? அவன் யாரென்று மட்டும் சொல்லுங்கள். முகாமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், நான் இறங்கி வந்து அவனைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஜசிந்தன்

~

ஏறாவூர்
21.06.2024

தம்பி ஜசிந்தன்,

மாஸ்டருக்கு எடுக்க வேணாம். நானே போய்ச் சொல்லிட்டன். திருகோணமலைக்குப் போகல்ல. என்ட பேரை வெட்டியாச்சு.

உன்ட கடிதத்தை வாசிச்சிட்டுக் கிழிக்கத்தான் போனன். மறுகா ஒரு வெப்பிசாரம், ஆத்திரம் வந்திச்சு. இவனைப் பொய்யனாக்கிக் காட்டோணும் எண்டு, பெருநாளுக்கு அடுத்த நாள் இர்ஷானாவைக் கூப்பிட்டன். "இஞ்ச வாகா, ஒரு விளையாட்டு" எண்டு சொல்லித்தான் கதிரையில இரிந்தன். நுஸ்ராவும் சிரிச்சிக்கொண்டு பாத்துக்கொண்டு நிண்டவள். அகப்பையைக் கொண்டு வா எண்டன். சுவரில கலண்டர் ஆணியைப் பாத்துக்கொண்டே இரிந்தன். ஒண்டையும் காணல்ல. "என்னகா, இன்னும் எடுக்கல்லயா?" எண்டு கேட்டன். திரும்பிப் பாத்தா, அகப்பை என்ட கன்னத்துக்குப் பக்கத்தில நிக்கிது. அவள் அகப்பையைக் கீழ போட்டிட்டு அப்படியே நிலத்தில குந்திக்கொண்டு வாயைப் பொத்தி அழுதாள். "எவ்வளவு நாளா?" எண்டு மட்டும்தான் கேட்டாள்.

மட்டக்களப்பில கண் டொக்டரிட்டப் போனம். உள்ளுக்குள்ள விழித்திரை கிழிஞ்சி பழசாப் போச்சாம். போன பார்வை வராது. மிச்சத்தைக் காப்பாத்தலாம், ஒப்பரேசன் செய்யோணும், ஜூலை 8 வரச் சொல்லியிரிக்கி. "இன்னொரு அடி விழுந்திருந்தா இந்தக் கண் முழுசாப் போயிரிக்கும்" எண்டார். இர்ஷானா அந்த இடத்திலயே உன்ட பேரைச் சொல்லி அல்லாஹ்விட்ட துஆ கேட்டாள்.

ஆர் அடிச்சது எண்டு கேட்டாய். சொல்லாம விடத்தான் நினைச்சன். எழுதிப்போட்டு ரெண்டு தரம் கிழிச்சன். ஆனா நீ அந்த அம்பாறைப் பொடியனைத் தேடிப் போவாய். உன்ட குணம் எனக்குத் தெரியும். அந்தப் பாவம் ஒண்டும் செய்யல்ல. அதோட, சட்டம் சட்டம்தானே. வாங்கினதைச் சொல்றன், கேள்.

முந்தின மாரி மழைக் காலம். கொட்டகை ஒழுகி ஹெட்கார்ட் எல்லாம் நனைஞ்சி கிடந்த அண்டு. நனைஞ்சதைப் போட ஏலாது, சும்மா விளையாடுவம் எண்டு நான்தான் சொன்னன். நீ முதல் முதலா ஹூக் அடிச்சிப் பழகின நாள். உன்ட கிளவ்ஸிட பெருவிரல் பக்கம் நேரா என்ட வலது கண்ணுக்குள்ள வந்திச்சு. மின்னல் வெட்டினாப்போல இரிந்திச்சு. புறகு தென்னங்குத்தியில இரிக்கக்குள்ள நீ கேட்டாய், "நானா, என்ட ஹூக் பட்டதா?" எண்டு. உன்ட முகத்தில அவ்வளவு ஆசை. பட்டது எண்டு சொன்னா கண்ணைக் காட்டோணும். கண்ணைக் கண்டா நீ அண்டைக்கே கிளவ்ஸைக் கழட்டிருப்பாய். நான் "ஒண்டும் படல்ல, இன்னும் அகட்டி வீசு" எண்டன்.

நீயும் அகட்டி வீசினாய். கொஞ்ச நாளில ஓரத்தில கறுப்புச் சீலை தொங்கினாப்போல வந்திச்சு. புறகு நீ என்ன அடிச்சாலும் விழுந்திச்சு. எனக்குக் காண ஏலாததை, நல்ல அடி எண்டு உனக்குச் சொல்லித் தந்தன். அதுதான் கொழும்பில உன்ட தாடையில வந்து இறங்கினது. கண்ணுக்கு எனக்குக் கவலையில்ல, அல்லாஹ் மிச்சம் வெச்சிரிக்கான். உன்ட கையைப் பழுதாக்கினதுக்குத்தான் தாங்க ஏலாம இரிக்கி.

ஹெட்கார்ட் இல்லாம நிண்டது நான். ஒளிச்சது நான். உன்னில ஒரு பிழையும் இல்ல. இதை வெச்சிக்கொண்டு நீ விளையாட்டை விட்டாயோ, றோட்டில என்ன, நான் செத்தா அந்த மௌத்துக்குக்கூட உன்னைக் கூப்பிட மாட்டன். பண்டார சொல்றதைக் கேள். முழங்கையை ஒடுக்கிக் கிட்டப் போய் அடி. வலது கை தாடையை விட்டு அசையப்படாது.

ஷிஹான் நானா

~

கொழும்பு
30.06.2024

ஷிஹான் நானா,

உங்கள் கடிதம் வந்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. சாப்பிடும்போதும் என் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பண்டாரவோடு மூன்று நாள் ஸ்பாரிங்கில் அது எழும்பவேயில்லை. அவர் அடித்துப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். கடைசியில் உட்கார வைத்து என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு தன் ஹெட்கார்டை எடுத்து வாரை இறுக்கிப் போட்டுக்கொண்டு, "இப்ப பாதுகாப்பு இருக்கு. அடி" என்றார். அடிக்க முடியவில்லை. "அடி, தம்பி" என்று கத்தினார். அழுதுகொண்டே அடித்தேன்.

வெள்ளிக்கிழமை தெரிவுப் போட்டி. சட்டப்படி, வாங்கியதை முதலில் சொல்கிறேன். முதல் சுற்றில் விலாவில் ஒரு அடி, உண்மையாகவே பட்டது, இன்னும் நோகிறது. இரண்டாம் சுற்றில் மூக்கில் ஒன்று. மூன்றாம் சுற்றில் முழங்கையை ஒடுக்கி, கிட்டப் போய், இடது ஹூக்கை அடித்தேன். எதிராளி பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்த்தும் தப்ப முடியவில்லை. அவன் முழங்காலில் விழுந்தான். நான் குதிக்கவில்லை, நானா. மணி அடித்ததும் நேராக அவனிடம் போய், இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறதா என்றுதான் கேட்டேன். எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். புள்ளியில் நான் தோற்றுவிட்டேன். ஆனாலும் முகாமில் தொடர்ந்து இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

பிழை இல்லை என்று நீங்கள் சொல்வதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. என்னிடம் ஒளித்ததற்கு உங்கள்மீது கோபமும் போகவில்லை. நேரில் பார்த்தால் சண்டை பிடிப்பேன், ஆயத்தமாக இருங்கள்.

விடுமுறை கேட்டேன், தந்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன். ஏழாம் திகதி காலை பஸ்லானின் பஸ்ஸில் ஏறாவூரில் இறங்குவேன். என்னைத் தேடித் திரும்பிப் பார்க்க வேண்டாம். உங்கள் இடப்பக்கமாகவே வந்து நிற்கிறேன்.

ஜசிந்தன்